நன்னாள் என்பது தேதி அல்ல

இன்று இரண்டாயிரத்து இருபத்தைந்து, நவம்பர் பதினாறு. எனக்கு வயது எண்பத்து நான்கு ஆண்டு, இரண்டு மாதம், ஒன்பது நாள். வணக்கத்துக்கு முன்னே தேதியைச் சொல்கிறேன். விழா நாயகரிடம் கற்ற பாடம் அது.

இனி வணக்கம். அவைக்குத் தலைமையேற்று, எனக்குப் பத்தே நிமிடம் என்று இரு கை விரல்களையும் விரித்துக் காட்டியிருக்கும் மீனவர் சங்கத் தலைவர் அவர்களே! அலையை அறிந்து, வலையை அறிந்து, விலையையும் விடாமல் அறிந்த கானோன்ஜித் துறைமுகத்துப் பெரியோர்களே! நெத்திலி அவிக்கும் கொப்பரை ஆவியில் தாம் வெந்து, எங்களை வேகாமல் வளர்த்த தாய்மார்களே! தொண்ணூறு வயதிலும் முதுகு வளையாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் அண்ணி கினுயோ அவர்களே! அவருக்குப் பக்கத்தில், நான் என்ன சொன்னாலும் மறுப்பதற்கு வந்திருக்கும் என் அண்ணன் தெய்ஜி அவர்களே! எண்பத்தெட்டு அகவை நிறைந்து, இன்றோடு அலுவலகக் கதவைச் சாத்தும் வழக்கறிஞர் சோகோ ஐயா அவர்களே! உங்கள் எல்லோருக்கும், மனாபே இகுகோவின் வணக்கம்.

ஐம்பத்தெட்டு ஆண்டுகள்! ஒரே தொழில்: உயிலும் வாரிசுரிமையும். இறந்தோரின் கடைசி விருப்பத்தை இருப்போரின் கையில் சேர்த்த தொழில். நீதிமன்றத்தில் இடியென முழங்கினாரா? இல்லை. முணுமுணுப்பார், நீதிபதி காதை முன்னே நீட்டுவார். மேசையைக் குத்தினாரா? இல்லை. சட்டைக் கையில் எப்போதும் சோயாக் கறை இருக்கும், அவ்வளவுதான். பின் எப்படி வென்றார்? ஒரே படகுக்காக முறைத்துக்கொண்ட இரட்டையரை எப்படிச் சேர்த்தார்? மூன்று துறைமுகத்தில் மூன்று குடும்பம் வைத்திருந்த மாலுமியின் மூன்று வீட்டாரையும் ஒரே படத்தின் முன் எப்படி ஊதுவத்தி ஏற்ற வைத்தார்?

ஊதோன் கடைக்கு அழைத்துப் போனார்! சிரிக்காதீர்கள். கடையில் நீளப் பலகை ஒன்று. எதிரெதிரே உட்கார இடமில்லை. தோளோடு தோள்தான் உட்கார வேண்டும். ஊதோன் நூடுல்ஸை உறிஞ்சுகிற வாய், உடன்பிறந்தாரை ஏச முடியுமா? சூட்டில் மூக்கு ஒழுகும்போது மிடுக்குத்தான் நிலைக்குமா?

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். என் மூத்த அண்ணன் இளமையிலேயே இறந்தார். அவர் மனைவி கினுயோ அண்ணி, பதினோரு ஆண்டுகள் என் தந்தையையும் அவருடைய கொப்பரையையும் காத்தார். எழுபத்தொன்பதாம் ஆண்டு வசந்தத்தில் தந்தை மறைந்தார். முத்திரையிட்ட உயிலை அண்ணி பிரிக்காமல், முறைப்படி குடும்ப நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்றார். வீடு, கொப்பரை, கருவாடு உலர்த்தும் முற்றம், அத்தனையும் கினுயோவுக்கு என்று அதில் இருந்தது. கடைசி வரியில், மறைவுக்கு முந்தைய ஆண்டைக் குறித்து, "ஷோவா ஐம்பத்து மூன்று, அக்டோபர், நன்னாள்" என்று இருந்தது.

ஆம், நன்னாள்! நம் திருமண அழைப்பிலும் கடைப் பலகையிலும் தேதிக்குப் பதிலாக மங்கலமாக எழுதுகிறோமே, அதே நன்னாள். சட்டத்துக்கு மங்கலம் புரியாது. நாள் எது என்று கேட்கும். நாள் இல்லாத உயில் செல்லாத உயில். மருமகளுக்கோ வாரிசுரிமை கிடையாது. பிள்ளைகளாகிய தெய்ஜி அண்ணனும் நானும் மனமுவந்து கொடுத்தாலன்றி, கினுயோ அண்ணி கைப்பெட்டியோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். சோகோ ஐயா அவருடைய வழக்கறிஞர். பொய் நம்பிக்கை ஒன்றும் தரவில்லை. "செல்லாதும்மா" என்றார். பிறகு எங்கள் எல்லோரையும் ஊதோன் கடைக்கு அழைத்தார்.

என்ன அண்ணா? "நான் அவ்வளவு மோசமா இல்ல" என்கிறீர்களா? இருந்தீர்கள். அண்ணன் இடத்தை விற்றுவிடத் துடித்தார். நீதிமன்றத்தில் கடைசி வரியைப் பார்த்தவர், முதல் வரியைப் படிக்கவே இல்லை.

"அப்பனுக்குத் தேதி போடக்கூடத் தெரியல. சட்டமே செல்லாதுங்குது. அப்புறம் நான் எதுக்குய்யா விடணும்?" என்றார்.

"விட வேணாம் தம்பி," என்றார் சோகோ ஐயா. "சத்தமா ஒருதரம் படிங்க, போதும்."

அண்ணன் படித்தார். கடையே கேட்டது. "கினுயோ இல்லேன்னா இந்தக் கொப்பரை என்னிக்கோ ஆறிப்போயிருக்கும். எல்லாம் அவளுக்கே. தெய்ஜி கத்துவான். பசிச்சாக் கத்தறது அவனுக்குச் சின்ன வயசுப் பழக்கம். முதல்ல அவனுக்குச் சாப்பாடு போடுங்க."

அந்த நொடியில் கடைக்காரர் அண்ணன் முன்னால் கிண்ணத்தை வைத்தார்! கினுயோ அண்ணி முதலில் சிரித்தார். பிறகு கடை சிரித்தது. இறுதியில், சாற்றில் கண்ணீரா மூக்குநீரா என்று சொல்ல இயலாதபடி, அண்ணனும் சிரித்தார். நான் கையெழுத்துக்குப் பதிலாக இடும் என் பெயர் முத்திரையை எடுத்து, எல்லாம் அண்ணிக்கே என்ற ஒப்பந்தத்தில் முதலில் பதித்தேன். இரண்டாம் கிண்ணம் முடிந்ததும் அண்ணனும் பதித்தார். அன்று அணையாத அடுப்பு இன்றும் எரிகிறது. இந்த ஊரின் ஊதோன் சாறெல்லாம், என் அண்ணி அவித்த நெத்திலியின் சாறே அன்றோ!

தலைவர் ஒரு விரல் காட்டுகிறார். வந்தோர்க்கும் இருந்தோர்க்கும், என்னைப் பொறுத்தோர்க்கும் நன்றி. ஆனால் அந்த ஒரு நிமிடம் எனக்கு வேண்டும்.

முதலில் முத்திரை பதித்தவள் என்பதால், நாற்பத்தாறு ஆண்டுகளாக இந்த ஊர் என்னைப் பெருமனத்தாள் என்கிறது. அண்ணனோ ஒவ்வொரு புத்தாண்டிலும் கிண்ணத்தை உயர்த்தி, "அப்பா ஒரு தேதி போடத் தெரியாத மனுஷன்" என்கிறார்.

தெரியும், அண்ணா. அப்பாவுக்குத் தெரியும். அக்டோபர் இருபத்தொன்று, சனிக்கிழமை, நான் ஊருக்கு வந்திருந்தேன். முக்கியமான காகிதம், சரிபார் என்று கடைசி வரியை மட்டும் காட்டினார். இருபத்தொன்று என்றே எழுதியிருந்தார். நாட்காட்டியில் அன்று கெட்ட நாள். பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்த மகள் நான், "நன்னாள்னு போடுங்கப்பா, அதுதான் அழகு" என்றேன். அவர் முழுவதையும் கிழித்துவிட்டு, மறுபடி எழுதினார்.

அன்று ஊதோன் கடையில், அண்ணன் வருமுன் சோகோ ஐயா என்னிடம் ஒன்றே கேட்டார்: "உங்க வீட்டுல கல்யாணப் பத்திரிகையெல்லாம் யாரும்மா எழுதறது?"

"நான்தான்" என்றேன்.

"அப்படியா," என்றவர், தம் கிண்ணத்து இறால் வறுவலை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார். அதற்கு மேல் இன்றுவரை கேட்கவில்லை.

கேட்காத கேள்விக்கு விடை சொல்லிவிட்டேன், ஐயா. நாட்காட்டிப்படி இன்று மிக நல்ல நாள். ஆனாலும் விழாக் குறிப்பில் நவம்பர் பதினாறு என்றே எழுதச் சொல்லுங்கள். வணக்கம்.