மேட்டில் காட்டிய பச்சைத் துணி

எங்கள் பக்கத்துப் போர்க்கிணற்றுத் தண்ணீர் குடிக்க நன்றாக இருக்கும், பாய்லருக்கு ஆகாது. உப்பு படிந்துவிடும். அதனால் ஓட்டில் விழுகிற மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து, பழைய வேட்டியில் வடிகட்டித்தான் எஞ்சினுக்கு ஊற்றுவேன். பதினோரு வருஷம் அப்படித்தான். இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள் ஐயா. நான் வேலையில் அசட்டையான ஆள் இல்லை.

என் பெயர் மருதை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஒப்பந்தக் கூலியாக இரும்பு சுமந்தவன். அங்கே அதிகாரியாக இருந்து ரிட்டையர் ஆன பீமராவ் சார், ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரையை ஒட்டிய தன் தோப்புக்கு என்னைக் கூட்டிவந்தார். அங்கே நாங்கள் இரண்டு பேரும் ஒரு சின்ன ரயில் எஞ்சின் கட்டினோம். பொம்மை என்று சொல்லிவிடாதீர்கள். ஆறடி நீளம், முந்நூறு கிலோ, கரி போட்டு நீராவியில் ஓடுவது. ஆள் உட்கார்ந்து போகலாம். வெளிநாட்டுக் காடுகளில் மரம் இழுத்த எஞ்சினின் மாதிரி அது. வலது பக்கம் மூன்று சிலிண்டர் நின்றபடி ஒரு நீளத் தண்டைச் சுழற்றும். தண்டு பல்சக்கரம் வழியாக எல்லாச் சக்கரத்தையும் சுழற்றும். ஆமை வேகம்தான், ஆனால் எந்த மேட்டிலும் ஏறும். அது ஏறுவதைப் பார்க்கவே தோப்பு நடுவில் மண் கொட்டி மேடு போட்டுத் தண்டவாளம் பதித்தேன். பல் ஒவ்வொன்றையும் அரம் போட்டது இந்தக் கை. வரைபடத்தில் சார் தமிழில் குறித்துத் தருவதைப் படிப்பதற்காகவே நாற்பத்து மூன்று வயதில் எழுத்து கற்றேன்.

அந்த எஞ்சினில் ஒரு விஷயம் இருக்கிறது. உச்சியைத் தாண்டி மூக்கு கீழே சாய்ந்தால் பாய்லர் தண்ணீர் முன்பக்கம் ஓடிவிடும். பின்னால் அடுப்புக்கு மேலே இருக்கும் செம்புத் தகடு காயும். காய்ந்தால் இளகிக் கிழியும். அதனால் உச்சியில் நிறுத்தி, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் முக்கால் நிற்கிறதா என்று பார்த்துத்தான் இறக்க வேண்டும். சாருக்குப் பார்வை மங்கிவிட்டது, குழாய் மட்டம் தெரியாது. நான் பார்த்துப் பச்சைத் துணி காட்டினால் இறக்குவார். ஒரு நாளும் திரும்பக் கேட்டதில்லை. அப்படியும் தவறினால் காப்பாற்ற, தகட்டில் ஈயம் அடைத்த திருகாணி ஒன்று உண்டு. சூடு ஏறினால் ஈயம் உருகி, அந்த ஓட்டை வழியாகத் தண்ணீரும் ஆவியும் இறங்கி நெருப்பை அடக்கிவிடும்.

கார்த்திகையில் சார் சொன்னார், "மருதை, பொண்ணு இந்த இடத்தைக் குடுத்துடலாங்கறா. எஞ்சினுக்கு நல்ல இடம் கெடைச்சிருக்கு. கொடைக்கானல். அங்க மேடெல்லாம் நெஜம்டா."

"அப்ப நானும் கூட வரட்டுங்களா சார்?"

"உனக்கெதுக்குப்பா அந்தக் குளிரு? அங்க ஆளுங்க இருக்காங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை.

வாங்குகிறவர் பார்க்க வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், சார் சாப்பிட்டுப் படுத்திருக்கும்போது, ஈயத் திருகாணியைக் கழற்றிவிட்டு முழுப் பித்தளையில் ஒன்று கடைந்து போட்டேன். யோசித்துத்தான் செய்தேன். ஈயம் உருகினால் அரை நாள் வேலை, அடைத்துக் கொடுத்துவிடலாம், வியாபாரம் நிற்காது. தகடு போனால்தான் நிற்கும். என் எண்ணம் அவ்வளவுதான்.

மார்கழி, காலை ஏழு மணி. பனியில் எதிர் மரம் தெரியவில்லை. கொடைக்கானலில் விடுதி நடத்தும் சர்ஃபராஸ் வந்தார். எஞ்சின் மேடேறுவதைப் பார்த்து, "இந்த வேகத்துல போனா என் கெஸ்ட்டெல்லாம் நடுவுல எறங்கி டீ குடிச்சுட்டு ஏறிக்குவாங்க போலருக்கே!" என்றார்.

"எறங்கினவங்களை இது விட்டுட்டுப் போகாது சார், மரியாதை தெரிஞ்ச எஞ்சின்," என்றார் பீமராவ் சார். அடுப்புக் கதவுக்கு நேராக, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

உச்சியில் நிறுத்தினார். குழாயில் தண்ணீர் கால்வாசிதான் நின்றது. காலையில் அளந்து ஊற்றியதும் நான்தான். பச்சைத் துணியைக் காட்டினேன்.

பாதி இறக்கத்தில் சர்ஃபராஸ் கை தட்டினார். "சார், அப்படியே நில்லுங்க. ஒரு போட்டோ."

சார் என் பக்கம் திரும்பினார். "நிறுத்தலாமா மருதை?"

"நிறுத்தலாம் சார்."

ஒரு போட்டோ ஐந்தாறு ஆனது. பிறகு வீடியோ. என் கணக்கில் நாலு நிமிஷம். நடுவில் சார், "நெருப்பு நல்லா இருக்காடா?" என்று கேட்டார். நல்லா இருக்குங்க என்றேன். அது பொய் இல்லை. அப்புறம் நான் பத்தடி நகர்ந்து மாமரத்துக்குப் பின்னால் நின்றேன். அன்றைக்கு வெயில் கொஞ்சம் ஜாஸ்தி.

சத்தம் பெரிதாக இல்லை. கெட்டித் துணியைக் கிழிக்கிற மாதிரி. அடுப்புக் கதவு திறந்துகொண்டு நெருப்பும் ஆவியும் சேர்ந்து அவர் மடியில் வந்து விழுந்தன. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். போவதற்கு முன் மகள் மகாலட்சுமியிடம், "மருதைய ஒண்ணும் சொல்லாதீங்க, கண்ணு தெரியாம நான்தான் எறக்கிட்டேன்" என்றாராம். சாரே சொல்லிவிட்டார், பாருங்கள்.

நீங்கள் மேஜையில் வைத்திருக்கிற பித்தளைத் திருகாணி நான் கடைந்ததுதான். தெரிந்துதான் போட்டேன். தண்ணீர் போதாது என்று தெரிந்துதான் துணி காட்டினேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், ரேகை வேண்டாம்.

ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது ஐயா. கேஸ் முடிந்ததும் எஞ்சினை உடைத்துப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டதாம் அந்தப் பொண்ணு. அவ்வளவு அருமையான பொருளை. ஒரு மனுஷிக்கு இப்படியும் நெஞ்சு கல்லாக இருக்குமா என்று இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் வரவில்லை.