சிம்சோனுக்கு ஒரு மூலை

ஸ்டேஷனில் டீ நன்றாக இருக்கிறது ஐயா. பந்தல்குடி முக்குக் கடைதானே? அந்தக் கடைப் பலகையை எழுதியவனே நான்தான். கண்ணால் பார்த்ததை அச்சாக வரைவேன். பார்க்காததை வரையச் சொன்னால் மட்டும் கை ஓடாது.

அருப்புக்கோட்டையில் ரத்தினம் அண்ணாச்சி நடத்தும் மாதப் பத்திரிகைக்குப் படக்கதை போடுகிறேன். கதாநாயகன் துப்பறியும் லாரி டிரைவர். சர்ச்சுக்கு வெள்ளையடிக்கப் போன இடத்தில் பைபிளைப் புரட்டினேன். தலைமுடியில் பலம் வைத்திருந்த மாவீரன் சிம்சோனை விட்டுவிட மனம் வரவில்லை. அவனையும் கதையில் சேர்க்கலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"அவன் அங்க பெரிய ஆளா இருந்தா நமக்கென்னப்பா? இங்க ஓரமா மூட்டை தூக்கிட்டுப் போகட்டும்," என்றார்.

அப்படித்தான் சிம்சோன் படத்தின் மூலையில் பஞ்சுப்பொதி ஏற்றுபவனாக வந்தான். எங்கள் ஊர் லோடுமேன் வெள்ளத்துரையைப் பார்த்து வரைந்தேன். அவருக்கு இடுப்பு வரை முடி. மகளுக்குப் பார்வை திரும்ப இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்து வளர்த்தது.

வாசகர்கள் டிரைவரை மறந்து சிம்சோனையே விசாரிக்க ஆரம்பித்தார்கள். அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "சட்டுபுட்டுன்னு அவன் கதைய முடிச்சிரு," என்றார்.

பைபிள்படி முதலில் தலைமுடி போக வேண்டும். வெள்ளத்துரையிடம் மரியாதையாகத்தான் கேட்டேன்.

"ஏலே, இது ஆத்தாளுக்கு உள்ளது. கோயில்ல போயித்தான் எறக்கணும். இங்கன கத்தி பட்டா எம் மவ கண்ணு என்னாகுறது?"

பிடிவாதக்காரர். மத்தியானம் பொதி மேல் சாய்ந்து தூங்கிவிட்டார். பைபிளில் இந்த வேலைக்கு ஒரு பெண் வருவாள். படக்கதையில் அவளுக்கு இடம் இல்லாததால் நானே கத்தரியை எடுத்தேன். வெட்டிய முடியை மஞ்சள் துணியில் கட்டித் தலைமாட்டில் வைத்தேன். சாமி சொத்தில் நான் கை வைக்கிறவன் இல்லை.

விழித்துத் தலையைத் தடவிப் பார்த்தவர், மகள் பெயரைச் சொல்லி அழுதார். அருமையான முகம். அப்படியே வரைந்துகொண்டேன்.

பைபிளில் அடுத்துப் பறிபோவது சிம்சோனின் கண்கள். பெரியவர்கள் எழுதியதை மாற்ற நான் யார்? சுவருக்குக் கலக்கிய சுண்ணாம்பு பக்கத்தில் இருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

ஆமாம் ஐயா, நான்தான் ஊற்றினேன். ஊரே கூடி அவரை வண்டியில் ஏற்றியபோது படத்தின் கடைசிக் கோட்டை இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கண் தேறிவிடும் என்கிறார்களாமே, சந்தோஷம்.

எனக்கும் மனசு ஆறவில்லை. அந்தப் படத்தைத் தூக்கிவிட்டு அண்ணாச்சி சோப்பு விளம்பரம் போட்டுவிட்டார்.