சாவு வீட்டில் கூட்டக் கூடாது

கம்ப்யூட்டரில் ஒரு மெயில் கணக்கை எடுத்துவிட்டால் பட்டியலிலிருந்து பெயர்தான் போகும், கடிதங்கள் போகாது. அவை பாட்டுக்கு உள்ளே ஒரு ஃபோல்டரில் கிடக்கும். தேடிப் போய்த் தனியாக அழிக்க வேண்டும். பிலிப்பைன்ஸின் இலோயிலோ ஊரில் பதினாறு வருடமாக இந்த இன்டர்நெட் கடை வைத்திருக்கிறேன்; முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது.

லிகாயாவுக்கும் தெரியாது. அவள் என் தம்பி ரெனான்தேயின் மனைவி. அவனுக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. நடுக்கடலில் போன் எடுக்காது, மெயில்தான். அவளிடம் கம்ப்யூட்டர் இல்லை என்பதால் என் கடைக்கு வருவாள். தினமும் மூன்று மணிக்கு, ஈரத் தலையோடு, பொரித்த வாழைப்பழம் இரண்டு வாங்கிக்கொண்டு. ஒன்று எனக்கு.

"மனோங், உங்க தம்பி இன்னைக்காவது எழுதினாரா, இல்ல கப்பல்ல எவளையாவது பிடிச்சுட்டாரா?" என்பாள். மூத்தவனை மனோங் என்பது எங்கள் வழக்கம். எட்டு வருடம் இப்படியே போனது. குறையொன்றும் சொல்ல மாட்டேன்.

அந்த ஜூனில் ஒரு நாள் காலையிலேயே கடிதம் வந்துவிட்டது. நான் முதலில் படித்துவிடுவேன், அதில் என்ன தப்பு. "லிகாயா, மூணு நாளா நெஞ்சு வலிக்குது. கேப்டன் நம்ப மாட்டேங்கிறார். நீ ஏஜென்சிக்குப் போய்ச் சத்தம் போடு, அடுத்த துறைமுகத்துல இறக்கிடுவாங்க. வந்தா இனிமே கப்பலே வேண்டாம், நாம இந்த ஊரை விட்டு பகோலோட் போயிடலாம்."

அவள் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். படித்தால் அன்ன ஆகாரம் இறங்காது. அதனால் அந்தக் கணக்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். கம்பெனிக்காரன் மூடிவிட்டான், புது முகவரி போட நாளாகும் என்றேன்.

"ஐயோ மனோங், எட்டு வருஷக் கடிதமும் போச்சா?"

போச்சு என்றேன். அதற்குப் பிறகு அவன் எத்தனை எழுதினானோ தெரியாது. அவள் மறுநாளும் மூன்று மணிக்கு வந்தாள், வாழைப்பழத்தோடு.

பதினோராம் நாள் ரெனான்தே எஞ்சின் அறையிலேயே விழுந்து செத்தான்.

உடல் வந்தபின் வீட்டில் ஒன்பது நாள் வைத்திருந்தோம். சவம் இருக்கும் வீட்டில் துடைப்பம் எடுக்கக் கூடாது. கூட்டினால் அதே குடும்பத்தில் இன்னொரு சாவு விழும். துக்கத்துக்கு வந்தவர்கள் சீட்டாடிக்கொண்டே கடலை தின்று, கூடமெல்லாம் தோல். அதில் ஒருவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "கணக்கு போனா என்னக்கா, கடிதமெல்லாம் உள்ளதான் கெடக்கும்" என்றான்.

லிகாயா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனோங், எல்லாத்தையும் அச்சடிச்சுக் குடுங்க. அவர் பக்கத்துல வெச்சு அனுப்பறேன். கடைசியா எழுதினதை மட்டும் நான் வெச்சுக்கறேன்."

கடைக்குப் போனேன். ஃபோல்டர் இருந்தது, நானூற்றுப் பன்னிரண்டு கடிதம். அந்த நெஞ்சுவலிக் கடிதத்தை மட்டும் நீக்கியிருக்கலாம், ஐந்து நிமிட வேலை. அதற்கு அதை இன்னொரு தடவை திறக்க வேண்டும். என்னால் ஆகவில்லை. மொத்தமாக அழித்துவிட்டு, குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.

ஒன்றும் மிஞ்சவில்லை என்று சொன்னதும் அவள் கடலைத் தோலின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் வாய்விட்டு அழுதேன். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன்.

கூட்டினால் இன்னொரு சாவு என்கிறார்களே, நான் அந்தக் குப்பைத் தொட்டியைக் காலி செய்து நாலு வருடமாயிற்று, ஒன்றும் ஆகவில்லை. போன வருடம் எனக்கும் லிகாயாவுக்கும் மாதா கோயிலில் கல்யாணம் ஆனது. கம்ப்யூட்டரை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். மூன்று மணி ஆனால் வந்து பக்கத்தில் உட்காருகிறாள். இப்போதெல்லாம் கேலி பேசுவதில்லை. "இன்னொரு தடவை தேடிப் பாருங்களேன்" என்று மட்டும் கேட்கிறாள்.

தேடுகிறேன். அவள் மனம் நோகக் கூடாது, அன்றைக்கும் எனக்கு அது ஒன்றுதான்.