வாளியை விட்டு ஆற்றில் அளந்த அம்மையாருக்கு

நீரோட்டத்தின் நெளிவு சுளிவு அறிந்த நேர்மையின் நிறைகுடமே, முப்பத்திரண்டு ஆண்டுகள் முழங்கால் நீரில் நின்று முதுமை கண்ட மூத்தவரே, எங்கள் மீன் ஆய்வகத்தின் “வெப்பமானி அக்கா”வே! பணிவான வணக்கம்.

மலையில் பிறக்கும் ஆறு இறங்க இறங்க வெதுவெதுப்பாகிறது. மேலே குளிர்நீர் மீன். கீழே அதன் பங்காளியான வெதுநீர் மீன். இரண்டையும் பிரிப்பது அருவிதான் என்று எல்லோரும் அடித்துச் சொன்ன காலத்தில், அருவிக்கு மேலும் கீழும் வலை வீசி, “பாறை தடுக்கல, தண்ணியோட சூடுதான் தடுக்குது. குளிர்ல இவன் ஜெயிக்கிறான், சூட்டுல அவன் ஜெயிக்கிறான்” என்று காட்டியவர் நீங்கள். வலைக்கு ஒரு கை, குறிப்பேட்டுக்கு ஒரு கை, வழுக்கும் பாறையைப் பிடிக்க மூன்றாவது கை எங்கே என்று நீங்கள் சலித்துக்கொண்டதை ஜீப் ஓட்டுநர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்.

பதினோராண்டுப் பிழை ஒன்றையும் இங்கே மறைக்கலாகாது. பிடித்த மீன்களை வாளியில் விட்டு எண்ணி முடித்ததும், ஆற்றுக்குக் குனியச் சோம்பி, வெப்பமானியை அந்த வாளியிலேயே நனைப்பது நம் ஆய்வக வழக்கம். வெயிலில் இருந்த வாளி ஆற்றைவிட இரண்டு டிகிரி சூடு. அந்த அளவை நம்பி, குளிர்நீர் மீன் உண்மையைவிட இரண்டு டிகிரி கூடுதல் சூட்டையும் தாங்கும் என்று கணக்கிட்டு, வலை வீசாத கிளையாறுகளிலும் ஆற்றுநீரின் சூட்டை வைத்தே எல்லைக்கோடு கிழித்தோம். குளிர்நீர் மீனுக்கு இல்லாத வீடுகளை எல்லாம் இருப்பதாகக் காட்டியது நம் வரைபடம். கீழேதான் இத்தனை இடம் இருக்கிறதே என்று, மேலாற்றை மறித்து அணை கட்ட அனுமதியும் தயாரானது.

வாளியில் ஒன்றும் ஆற்றில் ஒன்றுமாக இரண்டு வெப்பமானிகளை நீங்கள் இட்டுப் பார்த்தது, இயக்குநர் பதவிக்கு உங்கள் பெயர் பரிந்துரைக்கப்பட்ட மாதத்தில். “இப்ப எதுக்குக்கா ஊதிப் பெருசாக்கணும்? பதவி வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்றோம்.

“அதுவரைக்கும் அணை காத்துக்கிட்டு இருக்குமா? என் கையெழுத்துல போன தப்பு, நானே சொல்லிடறேன்” என்றீர்கள்.

அணைத் திட்டம் கைவிடப்பட்டது. மேலாற்றில் குளிர்நீர் மீன் இன்றும் முட்டையிடுகிறது. பதவி வேறொருவருக்குப் போயிற்று. நிறைந்த அவையில் நீங்கள் பிழையை வாசித்தபோது, வாளியில் வெப்பமானியை நனைத்த கைகள் எங்களுடையவை என்று எங்களில் ஒருவரும் எழுந்து சொல்லவில்லை. அது உங்கள் பிழையாகவே பதிவாயிற்று. ஒரு வார்த்தைகூட நீங்கள் எங்களைக் கடிந்ததில்லை.

நோய் நொடியின்றி, நூறாண்டும் நிமிர்ந்த நடையுடன் நீங்கள் வாழ வேண்டும். அந்தப் பதிவைத் திருத்தி, எங்கள் பெயர்களைச் சேர்த்து, இன்று காலை அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம். மன்னித்துவிடுங்கள், அக்கா.

அன்றே எழுந்திருக்க வேண்டிய,
ஆய்வகப் பணியாளர்கள் ஒன்பது பேர்