அந்தமான் வகையறாவுக்கு முதல் பரிவட்டம்

“ஆயுள் தண்டனைன்னு அந்தமானுக்குக் கொண்டுபோன மனுசன், அங்க போயி கல்யாணம் கட்டியிருப்பாருன்னு நான் கண்டனா?”

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பேருந்து புதுச்சத்திரத்தைத் தாண்டும்போது, முன்சீட்டுக்காரர் தன் மனைவியிடம் இப்படிக் கேட்டார். நான் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டேன்.

“வெள்ளைக்காரன் காலத்துல போன பாட்டனை நீங்கதானுங்க தேடுனீங்க? சோறு தண்ணி இல்லாம கம்ப்யூட்டரே கதின்னு கெடந்தீங்க.”

“தேடுனேன். அவரோட வாரிசுகளைக் கண்டுபுடிச்சு, குலசாமி கும்புட வாங்கன்னு நான்தான் கூப்பிட்டேன். இப்ப கோயில் நோம்பிக்குக் குடும்பத்தோட வாராங்க.”

“வரட்டுமுங்க. நல்லதுதானுங்களே?”

“என்ன நல்லது? அந்தமான் போனவரு மூத்தவரு, நம்ம நேர்ப் பாட்டன் அவருக்குத் தம்பி. மூத்த வகையறாவுக்குத்தான் மொதப் பரிவட்டம்னு பூசாரி சொல்லிப்போட்டாரு. வருசா வருசம் என் தலையில கட்டுன பட்டுத்துணியை, தமிழே வராத ஒருத்தன் தலையில கட்டுவாங்களாமா. கட்டட்டும், பாக்கறேன். அவனுக்கு மண்டைன்னு ஒண்ணு இருந்தாத்தான கட்டுவாங்க?”

அந்தம்மா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

“ஏனுங்க, அந்தமான் பாட்டன் என்ன கேசுல உள்ள போனாரு?”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கோயல்ல மொதப் பரிவட்டம் யாருக்குன்னு தகராறு. பங்காளியை மண்டையில அடிச்சுப்போட்டாரு. அந்தாளு செத்துப்போயிட்டான்.”

“அந்தமானைப் பாக்கோணும்னு நான் ஆசைப்பட்டது நெசந்தானுங்க. ஆனா பிளேன்ல போயி, ரெண்டு பேருமாத் திரும்பி வாரதுக்குத்தானுங்க கேட்டேன்.”