சீட்டுக்கு அடியில் ஈயம்

— கதவைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா உள்ள இறங்கும்மா. வண்டி நாலு தராசு மேல நிக்குது, ஆட்டுனா நம்பர் தப்பாக் காட்டும்.

— நான் எதுக்கு மாமா உக்காரணும்? வாங்க வர்றவரே வந்து உக்காரட்டுமே.

— அவர் வர்றதுக்குள்ள ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு சுமக்குதுன்னு எழுதி வெக்கணும். ஓட்டுற சீட் காலியா இருந்தா அந்த நம்பர் எதுக்கும் ஆகாது. பந்தயத்துல கார் தனியாவா ஓடுது? என் தம்பி இருந்தா அவனைத்தான் உக்கார வெப்பேன்.

— அவர் போயி ரெண்டு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள அவர் சீட்டுல நான்.

— எனக்கு மட்டும் மனசு ஆறிடுச்சாம்மா? கூடப் பொறந்தவன். அஞ்சு நிமிஷ வேலை, உக்காரு. அவனை மாதிரி பண்ணாத. நான் எழுதி முடிச்சு, எந்திரிடான்னு சொன்னாலும் எந்திரிக்க மாட்டான். ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பான், சோம்பேறிப் பய.

— உக்காந்துட்டேன். என்ன காட்டுது?

— நூத்துக்கு ஐம்பத்திரெண்டு முன்னாடி, நாப்பத்தெட்டு பின்னாடி. நூல் பிடிச்ச மாதிரி நிக்குது. வாங்குனப்ப மூக்கு ஒரே கனம், வளைவுல திருப்புனா திரும்பாது, நேரா போகப் பாக்கும். பேட்டரியைத் தூக்கி டிக்கில வெச்சேன். பானெட்டைக் கழட்டிட்டு லேசா ஒண்ணு செஞ்சு போட்டேன். இந்தக் கணக்குக்குக் கொண்டு வர்றதுக்குள்ள ஒரு வருஷம் ஓடிப்போச்சு.

— அண்ணன் வண்டிக்கு வைத்தியம் பாக்க உக்காந்தா சோறு தண்ணி மறந்துருவான்னு சொல்லுவாரு. மாமா, குதிகால்ல ஏதோ இடிக்குது. சீட்டுக்கு அடியில என்ன?

— ஈயத் தகடு.

— எதுக்கு?

— எடைக்குத்தான். காலை முன்னாடி நீட்டிக்கோ.

— கனத்தைக் குறைக்க பானெட்டையே லேசா மாத்துனேன்னு இப்பதானே சொன்னீங்க. நீங்களே எதுக்குக் கூட்டுனீங்க?

— அதை விடும்மா.

— எத்தனை கிலோ மாமா?

— பதினாறு.

— நான் ஐம்பத்திநாலு. ரெண்டும் சேந்தா எழுபது. நல்லா இருந்தப்ப அவர் எழுபதுதான்.

— கெட்டிக்காரிம்மா நீ. உங்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னாடியும் அவனை உக்கார வெச்சுத்தான் எடை பாப்பேன். ஒரு தடவை மூணு கிலோ குறைஞ்சிருந்துச்சு. தராசுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். எடைக்கல்லை வெச்சுப் பாத்தேன், தராசு சுத்தமா இருந்துச்சு. அந்த மூணு கிலோவுக்கு ஈயம் வெச்சு முடுக்கினேன். அடுத்த தடவை இன்னும் அஞ்சு. அதுக்கடுத்து இன்னும் எட்டு.

— அவரை ஒண்ணும் கேக்கலயா?

— எங்க வீட்டுல யாரும் யாரையும் அப்படிக் கேட்டுப் பழக்கமில்லம்மா. எங்கப்பா போன அன்னிக்குக்கூட நாங்க ரெண்டு பேரும் ஷெட்டுல கியர்பாக்ஸைப் பிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தோம். ஏன்டா இப்படி இளைச்சுட்டேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டா சொல்லிருவானோன்னு பயம். அவன் எங்க குறைஞ்சானோ அங்கயே ஈயத்தை வெச்சு வண்டியைச் சரி பண்ணிட்டேன். அப்பவே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பான். நான்தான் விட்டுட்டேன்.

— இல்ல மாமா. அந்த மூணு கிலோ குறையிறதுக்கு முன்னாடியே டாக்டர் கையை விரிச்சுட்டாரு. நீங்க எங்க கூட்டிட்டுப் போயிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. அந்தப் பாரத்தை நீங்க சுமக்காதீங்க.

— அவனுக்குத் தெரியுமா?

— எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்.

— அப்ப எங்கிட்ட மட்டும் ஏன் மறைச்சான்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன மூணாம் மனுஷனா?

— சொல்லணும்னுதான் கெடந்தாரு. அவரா ஆரம்பிக்க வாய் வரல. ஈயம் வெச்ச அன்னிக்கே அவருக்கும் குதிகால்ல இடிச்சுது. வீட்டுக்கு வந்து, அண்ணன் கண்டுபிடிச்சுட்டான், அடுத்த தடவை கண்டிப்பாக் கேப்பான், கேட்டா எல்லாத்தையும் சொல்லிருவேன்னு சொன்னாரு. அதுக்குத்தான் மாமா, நீங்க எழுதி முடிச்ச பிறகும் எந்திரிக்காம உக்காந்திருந்தாரு.