ஞானையா சாரின் வேன் சாவி

மேடையில் வீற்றிருக்கும் ஆயர் அவர்களே, கண் முகாம் குழுவின் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சாரின் துணைவியார் கிருபா அம்மா அவர்களே, பெரும்பாக்கத்திலிருந்தும் முடிச்சூரிலிருந்தும் வந்திருக்கும் சொந்தங்களே, வணக்கம்.

ஞானையா சாரோடு நீண்ட காலம் ஒரே பள்ளியில் பாடம் நடத்தியவள், இந்த அபிதகுஜாம்பாள். அழுவதற்காக நான் மைக்கைப் பிடிக்கவில்லை. கோபத்தோடு வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் விபத்து என்றார்கள். எது விபத்து? பட்டப்பகலில், தாம்பரத்தின் பெரிய சாலையை நடந்து கடக்கும்போது, வலப்பக்கம் வந்த பேருந்து அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? சர்க்கரை நோய் அவர் விழித்திரையைத் தின்றுவிட்டிருந்தது! ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிய மனிதருக்கு இந்தக் கதி!

பணி ஓய்வுக்குப் பிறகு மாதந்தோறும் திருச்சபை வேனை ஓட்டிக்கொண்டு பெரும்பாக்கம் போய், சர்க்கரை நோயாளிகளைக் கண் பரிசோதனைக்கு ஏற்றி வந்தவர் யார்? நம் ஞானையா சார். "கண்ணு நல்லாத்தானே கீது, இன்னாத்துக்கு சார் டெஸ்ட்டு?" என்று அடம்பிடித்தார் ஜெயக்கொடி. இதோ, இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்.

"நல்லா தெரியும்போதே பாக்கணும்மா. வலிச்சப்புறம் ஓடுறதுக்கு இது பல்லு இல்ல. சர்க்கரை வந்து எத்தனை வருஷம்? பிரஷர் இருக்கா? கொழுப்பு, கிட்னி எல்லாம் பாத்தியா?"

கேட்டுக் கேட்டே வேனில் ஏற்றிவிட்டார். ஜெயக்கொடிக்கு லேசர் சிகிச்சை நடந்தது. இன்றும் அவர் தையல் மெஷினில் உட்காருகிறார்.

அதே கேள்விகளை சாரிடம் யார் கேட்டோம்? ஆண்டுக்கணக்கில் சர்க்கரை, கூடவே பிரஷர், கொழுப்பு. எல்லாம் அவருக்கும் இருந்தது. கிறிஸ்துமஸுக்குக் கேக் வெட்டி முதல் துண்டை அவர் வாயில் திணித்தது யார்? நாம்தான்!

ஒவ்வொரு முகாமிலும், "சார், நீங்களும் வந்து உட்காருங்க" என்பேன். "சொட்டு மருந்து விட்டா சில மணி நேரம் மங்கலாத்தான் தெரியும் டீச்சர். அப்புறம் இவங்கள யாரு வீட்டுல விடறது?" என்று சிரிப்பார். நியாயம்தான் என்று எல்லோரும் தலையாட்டினோம். நியாயமா அது? இந்த மண்டபத்து வாசலில் எத்தனை கார்கள் நிற்கின்றன! "சாவியக் குடுங்க சார், இன்னிக்கு நான் ஓட்டறேன்" என்று சொல்ல ஒரு வாய்கூடவா இல்லை? இன்னொரு நாள் தனியாகப் போயிருக்கலாமே, சார்! உங்கள்மீதும் எனக்குக் கோபம்தான். அதை இனி யாரிடம் போய்க் கொட்டுவேன்?

பார்வை மங்கியதும் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். அன்றோடு வேன் நின்றது. அவர் நிற்கவில்லை. பெரும்பாக்கத்துக்குப் பஸ் பிடிக்கத்தான் அன்று அந்தச் சாலையைக் கடந்தார்.

படத்திறப்பும் நினைவுக் கேடயமும் அவருக்கு வேண்டாம். இதோ, சாவியை மேஜைமேல் வைக்கிறேன். சனிக்கிழமை முகாம் நடக்கும். இனி ஒருவர் வேனை ஓட்டிவர வேண்டும், இன்னொருவர் திருப்பி ஓட்ட வேண்டும். ஓட்டிவந்தவர் கண்ணுக்கே முதல் சொட்டு மருந்து.

சற்று நேரத்தில் மௌன அஞ்சலிக்கு எல்லோரும் எழுந்து நிற்போம். அதற்கு முன்னால், வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் மட்டும் எழுந்து நில்லுங்கள்.